உம்மாவின் குரவை

கதவுக்குத் தொங்கவிட்டிருந்த சேலையை விலக்கிக்கொண்டு வாப்பா அறைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் சாட்சிகள் இரண்டு பேர், தரையைப் பார்த்தபடி. அறை நிறையப் பெண்கள். அத்தர் மணமும் மருதோன்றி மணமும் பின்வளவில் கொதித்துக்கொண்டிருந்த இறைச்சிக் கறியின் மணமும் கலந்து எனக்குத் தலை சுற்றியது. பாயில் குனிந்திருந்த என் முன்னால் வாப்பா குந்தி உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் பெயரையும் அவருடைய வாப்பாவின் பெயரையும் அவர் மஹராகத் தரும் தொகையையும் சொல்லி, உன்னை இவருக்கு நிக்காஹ் செய்து வைக்க எனக்குச் சம்மதம் தருகிறாயா மகள் என்று கேட்டார். நான் “வேணாம் வாப்பா” என்றேன். அந்தச் சொல் வாயை விட்டு முழுதாக வெளியே வருவதற்குள் என் வலது காதோரம் உம்மாவின் குரவை எழுந்தது. உம்மா தொடங்கினால் மற்றப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அறை முழுவதும் குரவை. பெண் சம்மதித்துவிட்டாள் என்று பந்தலில் இருந்த ஆண்களுக்குச் சேதி போய்விட்டது.

குரவை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் சுழற்றி, மூச்சு முடியும்வரை விடாமல் எழுப்புகிற நீண்ட ஒலி அது. கலியாணம், சுன்னத்து, புது வீடு குடிபுகுதல் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் குரவை போடுவார்கள். கல்முனையிலிருந்து நிந்தவூர்வரை உம்மாவைக் குரவைக்கென்றே கூப்பிடுவார்கள். மூன்று வளவு தாண்டிக் கேட்கும் குரல். இப்போது அந்த வழக்கம் நின்றுவிட்டது. பெண்ணின் குரல் அந்நிய ஆணுக்குக் கேட்கக்கூடாது என்று மௌலவிமார் பள்ளிவாசலில் பயான் செய்து நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு அது மனக்குறைதான். அந்தத் தடையைக் கேட்டுச் சந்தோசப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் காரணத்தை மௌலவியிடம் சொல்லியிருந்தால் அவர் என்னை வேறு கண்ணால் பார்த்திருப்பார்.

வாப்பா வட்டவிதானையாக இருந்தார். ஒரு வட்டையில் இருக்கிற வயல்காரர் எல்லாருக்கும் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பு அது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் எழுதி வைத்த பதவி, சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. போகம் தொடங்கிவிட்டால் காலையில் எங்கள் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். மேல் வயல்காரன் மடையைத் திறந்து வைத்துவிட்டான், என் நாற்று காய்கிறது என்று ஒருவன் சொல்வான். அவன் பொய் சொல்கிறான் என்று இன்னொருவன் வருவான். வாப்பா யாரையும் இடையில் மறிக்க மாட்டார். சொல்லி முடிக்கும்வரை கேட்பார். முடிந்த பிறகும், வேறேதும் இருக்கா தம்பி என்று கேட்பார். வரம்பில் நடந்துபோகும்போதே தண்ணீர் களவாக உடைத்து ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிடுவார் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது. ஊரெல்லாம் சொல்வதை இத்தனை பொறுமையாகக் கேட்கிற மனிதருக்கு முழங்கை நீளத் தூரத்தில் உட்கார்ந்திருந்த மகள் சொன்னது கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை.

நான் படித்தது வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிவிட்டுப் போன பெண்கள் பள்ளிக்கூடம். மண்டபச் சுவரில் அதைத் தொடங்கிய சீமாட்டியின் படம் தொங்கியது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, இறுக மூடிய வாய். பெண் பிள்ளைகள் மெல்லப் பேச வேண்டும் என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஒரு வருடம் எனக்கு நன்னடத்தைப் பரிசு கிடைத்தது. வகுப்பிலேயே சத்தம் போடாத பிள்ளை நான்தானாம். பரிசாகத் தந்த பூப்போட்ட கோப்பையை உம்மா தெருவெல்லாம் காட்டினார். வீட்டில் உம்மாவும் பள்ளிக்கூடத்தில் அந்தச் சீமாட்டியும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. ஆனால் என் வாய் விசயத்தில் இருவரும் ஒரே முடிவில்தான் இருந்தார்கள்.

ஒருநாள் பள்ளியிலேயே நான் பெரிய பிள்ளையானேன். வெள்ளைச் சீருடையில் கறை. தோழி ஒருத்தி தன் புத்தகப் பையை என் பின்னால் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்து வந்தாள். என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது, ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவளைப்போல அழுதேன். என்னைக் கூட்டிப்போக வந்த வாப்பா கறையைக் கண்டார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தந்துவிட்டு, சைக்கிளில் ஏற்றாமல் உருட்டிக்கொண்டு என் பின்னால் நடந்தே வந்தார். அந்த வழி முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்காக உள்ளறை. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு உம்மா துணி கட்டினார். தம்பி முறையானவன் வந்தால்கூட நான் எழுந்து உள்ளே போக வேண்டும். உடம்பு என்னுடையதுதான், ஆனால் அதைப் பற்றி எல்லாரும் என்னைத் தவிர மற்றவர்களோடுதான் கதைத்தார்கள். வெட்கம் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பசி, தூக்கம்போல அதுவும் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

மறுபடி பள்ளிக்குப் போக விட்டவர் வாப்பா. உம்மாவின் காக்காவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையின் விசயத்தில் தாய்வழிக்குத்தான் பேச்சு அதிகம். குமர்ப் பிள்ளையைத் தெருவில் நடக்க விட்டால் குடிக்கு என்ன பெயர் வரும் என்று அவர் கேட்டார். வாப்பா சைக்கிளை எடுத்தார். வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன், அவர் மிதிப்பார். சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை எனக்குக் கலியாணம் பேச வேண்டாம் என்று ஒருநாள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் வரவில்லை. “பாப்பம் மகள்” என்றார். அதை நான் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளாமை வெட்டுக் காலம் வந்தது. வாப்பா வயல்வாடிக் குடிசையிலேயே தங்கினார். அந்த நாட்களில் மாமா பொத்துவிலில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, உம்மாவோடு கதைத்து, நாளும் குறித்துவிட்டார். வாப்பா வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்று அந்தச் சுவரைப் பார்த்ததை நான் ஜன்னல் துணிக்கு மேலால் பார்த்தேன். அன்று பின்னேரம் என்னிடம் வந்து, “எல்லாரும் முடிவெடுத்திட்டாங்க மகள். உனக்கு எப்பிடி?” என்று கேட்டார். உம்மா கதவடியில் நின்றார். நான் பேசவில்லை. வெட்கத்தில் குனிகிறேன் என்று வாப்பா நினைத்திருப்பார். எனக்குள் வேறு கணக்கு இருந்தது. பெண்ணிடம் சம்மதம் கேட்காமல் நிக்காஹ் கூடாது என்று குர்ஆன் ஓதப் போன இடத்தில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். சாட்சிகளோடு வந்து கேட்பார்கள், அப்போது சொல்லலாம், அப்போது சொன்னால் யாராலும் தட்ட முடியாது என்று நினைத்தேன். சும்மா இருப்பதே சம்மதம் என்றும் சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் சும்மா இருக்கக்கூடாது என்று படுத்தும் எழும்பியும் எனக்குள்ளேயே சொல்லிப் பழகினேன். நன்னடத்தைப் பரிசு வாங்கியவளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

சொன்னேன். குரவை எழுந்தது. அந்த இரைச்சலுக்குள் வாப்பாவின் முகம் என்னை நோக்கி இன்னும் குனிந்தது. அவர் உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு உம்மாவைப் பார்த்தார். உம்மா குரவையை நிறுத்தாமலே தலையசைத்தார். வாப்பா முழங்காலில் கை ஊன்றி எழுந்து, சேலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். பந்தலில் பதிவுப் புத்தகம் விரித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கையொப்பம் போட்டார், எனக்காக வாப்பா போட்டார். பெண் கையொப்பமிட அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில் நம்முடைய பெரிய மனிதர்களைக் கேட்டு எழுதிய சட்டம்தான் என்று பின்னாளில் வாசித்தேன். பெண்கள் யாரையாவது கேட்டார்களா என்று அதில் எழுதியிருக்கவில்லை.

யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. யாராவது என்னை ஏசியிருந்தால், நான் சொன்னது உண்மை என்றாவது தெரிந்திருக்கும். சபையில், சாட்சிகள் முன்னால், வேணாம் என்று வாயைத் திறந்த வெட்கங்கெட்டவள் நான் என்று எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது. அந்த வெட்கத்தை முழுதாகச் சுமக்க முடியாமல் பாதியைத் தூக்கி வாப்பாவின் மேல் போட்டேன். அவருக்குக் கேட்டது. என் முகத்தருகே குனிந்து ஏதோ சொன்னாரே, வாயை மூடு என்றுதான் சொல்லியிருப்பார். மகளைவிடப் பந்தலில் இருந்தவர்கள் பெரிதாகப் போய்விட்டார்கள் அவருக்கு. இப்படியே நினைத்து நினைத்து அது எனக்குக் கண்ணால் கண்ட உண்மையாகவே ஆகிவிட்டது.

வழக்கப்படி வீட்டை எனக்குத் தந்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் தங்கச்சிமாரோடு ஒழுங்கையின் கடைசியில் சின்ன வீடொன்றுக்குப் போனார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாப்பா வருவார். சைக்கிள் கைப்பிடியில் பாரை மீனோ சூரை மீனோ தொங்கும். தன் கையால் கட்டிய வீட்டின் முன் விறாந்தையில் விருந்தாளியைப்போல ஓரமாக உட்காருவார். நான் குசினியை விட்டு வெளியே வர மாட்டேன். தேத்தண்ணியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவேன். மகள் எங்க என்று அவர் கேட்பதும், வேலையா இருக்கிறா என்று என் கணவர் சொல்வதும் எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே வெறும் சட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவுவேன். இருவரும் வட்டையையும் தண்ணீரையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். போகும்போது, வாறன் மகள் என்று குசினிப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். ம் என்பேன். அவ்வளவுதான்.

என் கணவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவரைத்தான் நான் வேணாம் என்றேன். ஆனால் அவர் முகத்தை அதுவரை நான் கண்டதில்லை. நான் வேணாம் என்றது கலியாணத்தை, அதுவும் அந்த வருடத்துக் கலியாணத்தை. மனிதர் தங்கம் என்று ஊர் சொல்கிறது, ஊர் சொல்வது சரிதான். மூத்தவள் பிறந்த பிறகு, உனக்கு என்ன ஆசை என்று அவராகக் கேட்டார். பரீட்சை என்றேன், சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பரீட்சை நாட்களில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளி மதிலுக்கு வெளியே வேப்ப மர நிழலில் நின்றார். பிள்ளைக்குப் பசி வந்தால் சோதனை மண்டபத்து ஆளிடம் சொல்லி என்னைக் கூப்பிடுவார். அப்படிப் படித்துத்தான் நான் ஆசிரியையாகி, அதே பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வும் பெற்றேன். அவர் நல்லவராக நடக்க நடக்க, அன்று நான் சொன்ன சொல் எனக்கு இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அவரிடம் நான் அதைச் சொன்னதேயில்லை.

வாப்பா படுக்கையில் விழுந்தபோது எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். உடம்பு துடைத்தேன், கஞ்சி பருக்கினேன், நகம் வெட்டினேன். வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்தார்.

“மகள், என்னோட என்ன கோவம்?”

“ஒண்டுமில்ல வாப்பா.”

“இருந்தாச் சொல்லு. நான் கேப்பன்.”

ஒன்றுமில்லை என்று மறுபடி சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தெரிந்துகொண்டே கேட்கிறார், சாகும் நேரத்தில் என் வாயால் மன்னிப்பு வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. அந்தக் கிழமையே அவர் மௌத்தானார்.

அதற்குப் பிறகு உம்மா எங்களோடு இருந்தார். காது கொஞ்சம் மந்தம், ஆனால் வேண்டியது கேட்கும். ஒலுவில் கம்பஸில் படித்து முடித்த என் இளைய மகளுக்கு அவளே ஆம் சொன்ன ஒருவரோடு நிக்காஹ் ஆனது. பள்ளிவாசலுக்குப் போவதற்கு முன் என் கணவர் சாட்சிகளோடு அறைக்குள் வந்து அவளிடம் கேட்டார். மகள் குனிந்துகொண்டிருந்தாள். நல்ல சந்தோசத்தில் இருந்த பிள்ளைக்கும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சரி, சம்மதம்தானே என்று சாட்சிகள் திரும்பினார்கள். குரவை இல்லாத காலம், அறை அமைதியாக இருந்தது. மூலையில் கதிரையில் இருந்த உம்மா, “நில்லுங்க” என்றார். “எனக்குக் கேக்கல்ல. புள்ள வாயத் திறந்து சொல்லட்டும்.” எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்துக்கொண்டே, சம்மதம் வாப்பா என்றாள். “இன்னும் கேக்கல்ல” என்றார் உம்மா. அவள் சத்தமாகச் சொன்னாள். கிழவிக்குச் செவிடு முற்றிவிட்டது என்று பெண்கள் கேலி செய்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. உம்மா என்னைப் பார்க்காமல் இருக்கப் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பகல், விருந்து ஆட்களெல்லாம் போன பிறகு, உம்மாவுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா என்று.

“கேட்டது” என்றார் உம்மா. “கேட்டதாலதானே குரவ போட்டன்.”

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. வாப்பாவுக்கும் கேட்டதுதானே என்றேன், ஏதோ வாப்பாவும் அதில் பங்கு என்று நிறுவிவிட வேண்டும்போல.

“அந்த மனிசனுக்கு எங்க கேட்டது? நான்தான் கேக்க விடல்லயே. என்ன மகள், என்ன சொன்ன எண்டு உன்னட்டக் கேட்டார், அதுவும் உனக்குக் கேக்கல்ல. பொறகு என்னைப் பாத்தார். ஓம் எண்டுட்டாள் எண்டு தலையாட்டினன்.” மடியில் உதிர்ந்த முடியை எடுத்து விரலில் சுற்றினார். “அவருக்குக் கேட்டிருந்தா அந்த இடத்திலயே எழும்பி நிப்பாட்டியிருப்பார் மகள். அவருக்கு ஊருக்குப் பயமில்ல. எனக்குத்தான் பயம். உனக்குக் கீழ ரெண்டு குமர் இருந்திச்சி. என்ட கலியாணத்துக்கு என்னட்ட ஆரும் கேக்கவுமில்ல, நான் சொல்லவுமில்ல, நான் வாழல்லயா எண்டு நினைச்சன்.”

பிறகாவது வாப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். மகள் ஏன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று வாப்பா சாகும்வரை தன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றும், தெரியாது என்று தான் சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார்.

உம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. பள்ளிக்கூடச் சீருடையில் கறையோடு நின்ற அன்று வந்ததைவிடப் பெரிய வெட்கம். அன்று என்னை மூடச் சால்வை தந்த மனிதரை ஆயுள் முழுக்க விறாந்தை ஓரத்தில் உட்கார வைத்திருந்தேன். சொல்லு, நான் கேட்பேன் என்றாரே, அது மன்னிப்புக் கேட்டதல்ல. அவருக்கு உண்மையாகவே தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். உம்மாவின் தலையை வாரி முடித்து, கொண்டை போட்டுவிட்டு எழுந்தேன். போன நோன்புக்கு முன் உம்மாவும் போய்விட்டார்.

எங்கள் ஊரில் மையத்துகளை அடக்குகிற மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. கடற்கரை வீதியில் போகும்போது மதிலுக்கு மேலால் தெரிகிற மரங்களைப் பார்த்து வாய்க்குள் சலாம் சொல்வதோடு சரி. வாப்பா எந்த இடத்தில் கிடக்கிறார் என்றுகூட எனக்குக் கேள்வி ஞானம்தான். என் கணவர் போவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பாவின் கப்றடியில் நின்று துஆ கேட்டுவிட்டு வருவார், தவற விட்டதில்லை. சாப்பிட உட்காரும்போது, “வாப்பாக்கு உன்ட சலாமும் சொன்னன்” என்பார். நான் சொல்லச் சொல்லாத சலாம் அது. அவராகச் சேர்த்துக்கொள்கிறார். வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டார். சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். வாப்பாவிடம் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதைச் சொல்ல, அன்றைக்குப்போல இன்றும், என் சார்பில் ஒரு ஆண்தான் போக வேண்டும். போகிறவரிடம் நான் முதலில், அன்று உங்களை வேணாம் என்றேன் என்று சொல்ல வேண்டும்.